இழுத்து மாட்டிய டயர்

ஷாஜன் தோஹாவிலிருந்து லீவில் வந்த கையோடு ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினான். பிரீனாவுக்கு அதில் சந்தோஷம்தான். பிரசவ விடுப்பு முடிந்து, மார்த்தாண்டத்தில் தான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு அவள் மறுபடியும் போகத் தொடங்கியிருந்த நேரம். அருமனையிலிருந்து பஸ்ஸில் இடிபட்டுப் போய்விட்டு வீடு திரும்புவதற்குள் பால் கட்டி நெஞ்சு வலித்துவிடும். புருஷன் திரும்பிப் போவதற்குள் தானும் ஓட்டப் படித்துவிட வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

ஷாஜன் கார் வாங்கியது அதற்காக இல்லை. தோஹாவில் அவனுக்கு ஏ.சி. மெக்கானிக் வேலை. கொதிக்கிற வெயிலில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்கிவிட்டு வந்து, ஆறு பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் கிடந்து அவன் போனில் பார்த்ததெல்லாம் கார்கள்தான். தரையோடு தரையாகத் தாழ்த்திய கார்கள். உடம்பைவிட்டு வெளியே துருத்தி நிற்கும் அகலமான அலாய் சக்கரங்கள். அந்தச் சக்கரத்தின் மேல் அதற்குப் போதாத ஒல்லி டயர் ஒன்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து மாட்டியிருப்பார்கள். கல்யாணமான புதிதில் பிரீனாவுக்கு அவன் அனுப்பிய படங்களில் பாதி அவளுக்கானவை, பாதி இந்தக் கார்கள். அவளும் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று பதில் போடுவாள்.

கொச்சியிலிருந்து லாரியில் நான்கு அலாய்கள் வந்து இறங்கின. மார்த்தாண்டத்து டயர் கடைக்காரர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த அகலத்துக்கு இந்த டயர் நான் போடமாட்டேன், வேணும்னா பெரிய டயராக வாங்கிட்டு வா என்று சொல்லிவிட்டார். ஷாஜன் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி திரும்பி வந்து, சிநேகிதன் அஜினோடு திருவனந்தபுரம் பக்கம் எங்கேயோ ஒரு கடைக்குப் போனான். அஜின் கடற்கரைக்காரன், குளச்சலில் மீன் ஏற்றும் மினி லாரி வைத்திருந்தான். ஷாஜனுக்கு இருந்த அதே பைத்தியம் அவனுக்கும் உண்டு.

அன்று மாலை ஷாஜன் போனில் எடுத்த வீடியோவை அவளுக்குக் காட்டினான். டயர் ரிம்மின் நடுவில் தொளதொளவென்று கிடந்தது. கடைக்காரப் பையன் உள்ளே ஏதோ ஒரு ஸ்ப்ரேயை அடித்துவிட்டுத் தள்ளி நின்று தீயைக் காட்டினான். டப் என்று ஒரு சத்தம். நீலமாகத் தீ ஒரு சுற்று ஓடி அணைந்தது. டயர் விரிந்து ரிம்மின் இரண்டு ஓரங்களிலும் போய் ஒட்டிக்கொண்டது. ஷாஜனும் அஜினும் கைதட்டுவது அதில் கேட்டது.

பிரீனா முற்றத்தில் இறங்கிப் பார்த்தாள். கார் புதிதாகத்தான் தெரிந்தது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் டயரின் பக்கவாட்டு, சின்னப் பிள்ளைக்குத் தைத்த சட்டையைப் பெரியவன் ஒருவன் பொத்தான் மாட்டிப் போட்டுக்கொண்டது போலச் சரிந்து விறைத்து நின்றது. இது கழண்டு போகாதா என்று கேட்டாள்.

காற்று நிறைய அடைத்துவைத்தால் ஒன்றும் ஆகாது, தினமும் காலையில் பார்த்துக்கொண்டால் போதும் என்றான் ஷாஜன். மாமியார் சத்தியபாய் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு மகனின் காரைக் காட்டிக்கொண்டிருந்தாள். புருஷன் செத்தபிறகு ஒற்றை ஆளாக வளர்த்த மகன். அவன் வாயிலிருந்து வந்தது எதையும் அவள் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, காரைச் சிதறால் மலைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றான். வெயில் ஏறுவதற்குள் போய்ச்சேர வேண்டும் என்ற அவசரத்தில் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். காற்று பார்த்தீர்களா என்று பிரீனா கேட்டதற்கு, நேற்றுத்தானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அஜின் பைக்கில் கேமராவோடு பின்னால் வந்தான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கூட்டிவந்ததோடு சரி, பிரீனா அந்த மலைக்கு மேல் போனதில்லை. ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டாள். இன்னொரு நாள் என்றான் ஷாஜன். காரை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, அவளைக் கதவருகே நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் தானே குந்தி உட்கார்ந்து நிறையப் படங்கள் எடுத்துக்கொண்டான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து அவளுக்கு நாளாகிவிட்டது. திரும்பி வரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினான்.

இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம் உள்ள ஒரு வளைவு. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் தார் ஓரத்தில் கிடந்தது. வேகம்கூட அதிகமில்லை. முன் இடது சக்கரம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் இறங்கி ஏறியது. வெடிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ பெருமூச்சு விட்டது போல இருந்தது, அவ்வளவுதான். டயரின் ஓரம் ரிம்மை விட்டு நழுவி, உள்ளே இருந்த காற்று முழுவதும் ஒரே நொடியில் போய்விட்டது. வெறும் அலாய் தாரில் உரசுகிற சத்தம் பிரீனாவின் பல்லைக் கூசவைத்தது. ஸ்டீயரிங் ஷாஜனின் கையை மீறி இடப்பக்கம் இழுத்தது.

அந்தப் பக்கம் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் மரங்களில் பால்வெட்டுகிற ராஜையன். காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை சைக்கிள் கேரியரில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோகும் வழியில், அவிழ்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டுவதற்காக ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நின்றிருந்தார். பிரீனா அவரது முதுகைப் பார்த்தாள். நீலச் சட்டை. அவர் திரும்பக்கூட இல்லை.

கார் நின்றதும் முதலில் இறங்கியவள் அவள்தான். ராஜையனின் வலது கால் சைக்கிளுக்கும் ஒரு ரப்பர் மரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. அவள் ஷாலை உருவி அவர் முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். அஜின் ஓடிப்போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினான். ஷாஜன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே நின்றான். நீங்க இங்கே நில்லுங்க, நான் கூடப் போறேன் என்று அவள்தான் சொன்னாள்.

ஆட்டோவில் ராஜையனின் தலை அவள் மடியில் கிடந்தது. அவருக்கு நினைவு இருந்தது. வலியென்று அவர் சொல்லவில்லை. ஷீட்டையெல்லாம் யாராவது எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லு மோளே என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மார்த்தாண்டத்திலிருந்து அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை மாமியாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனபோது, வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நிற்பதைப் பிரீனா பார்த்தாள். வேறு யாருடைய காரோ என்று நினைத்தாள். நான்கு சக்கரங்களும் சாதாரணமாக, பழையபடி இருந்தன. முன் இடது டயரில் மட்டும் காற்று இல்லை. பிறகு கண்ணாடியில் தான் ஒட்டிய பைபிள் வசன ஸ்டிக்கரைக் கண்டாள்.

போலீஸ் வருவதற்கு முன்பே அஜின் மினி லாரியைக் கொண்டுவந்து, வீட்டில் கிடந்த பழைய சக்கரங்களை மாட்டிவிட்டு அலாய்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஷாஜன் அதை அவளிடம் ஸ்டேஷன் மதிலோரத்தில் நின்று மெதுவாகச் சொன்னான். சைக்கிளில் வந்த ஆள் திடீரென்று குறுக்கே திரும்பினார், ஒதுக்கும்போது டயர் பஞ்சராகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தான். ஆள் குடித்திருந்தார் என்றும் சொல்லியிருந்தான்.

"அவரு குடிச்சிருக்கலியே," என்றாள் பிரீனா. "என் மடியிலல்லா கிடந்தாரு."

"அப்பிடிப் பறஞ்சாத்தான் நம்ம பேச்சு நிக்கும்னு சொன்னாவ. நீ ஒண்ணும் பறையாண்டாம் பிரீனா. ஒன்கிட்ட ஆரும் கேக்கமாட்டாவ."

அவன் சொன்னது போலவே யாரும் கேட்கவில்லை. மனைவி காயம்பட்டவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்பதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்தது. வண்டியைச் சோதித்தவர்களும் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். தவறு சைக்கிள்காரர் மீது என்று ஆனது. ஸ்டேஷனுக்குப் போய்வந்த அன்று இரவு வீட்டில் சத்தியபாய் பிரீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேஸ் என்று ஆகிவிட்டால் அவன் திரும்பிப் போகமுடியாது மக்கா, நமக்கு வேற ஆரு இருக்கா என்றாள். பிரீனா அவள் கையை விலக்கவில்லை. தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே, நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சில நாட்கள் அது போதுமானதாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகு, கட்டு மாற்ற ராஜையன் மார்த்தாண்டத்துக்குத்தான் வந்தார். வீட்டிலிருந்து அதுதான் பக்கம். மனைவி சொர்ணபாய் அவரைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தபோது டிரெஸ்ஸிங் அறையில் பிரீனா இருந்தாள். ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் வேறு ஆள் இல்லை. அவர் அவளை அடையாளம் கண்டு, நீதானே மோளே அன்னைக்கு என்னைக் கொண்டுவந்தது, ஒன் புள்ளை நல்லாருக்கட்டும் என்றார். சொர்ணபாய் அவள் தோளைத் தொட்டாள். அவள் அந்தக் காரில் வந்தவள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவளைக் குற்றவாளியாக அவர்கள் நினைக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது சொர்ணபாய் மருந்து வாங்க வெளியே போனாள். ராஜையன் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மோளே, நீ பாத்தியே. நான் நின்னுட்டுத்தானே இருந்தேன்?"

பிரீனா துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நின்னதாட்டுத்தான் ஓர்ம. கயிறு கட்டினேன். ஆனா எல்லாரும் நான் குறுக்க வந்தேங்காவ. சபையில வச்சு, குடிச்சிருந்தியான்னு மூப்பர் கேட்டாரு. நான் குடிய விட்டு வருசம் எத்தனையோ ஆச்சு. இப்ப எனக்கே சம்சயமா இருக்கு. ஒருவேளை நான் ஏறித்தான் போனேனோ என்னவோ."

அவள் கட்டின் ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டினாள். கட்டு முடிந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டு நடந்தே திரும்பி வந்தாள்.

அந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தை ஜெமிமாவுக்கு ஞானஸ்நானம். ஷாஜன் திரும்பிப் போவதற்கும் அதிக நாள் இல்லை. வெள்ளைப் பட்டுச் சட்டை போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிரீனா வாசலுக்கு வந்தாள். முற்றத்தில் கார் கழுவித் துடைத்து நின்றது. நான்கு அகன்ற அலாய்களும் அதில் இருந்தன. வளைந்துபோன ரிம்மை நாகர்கோவிலில் ஒரு லேத்தில் கொடுத்து நிமிர்த்தி, புதிதாக ஒரு ஒல்லி டயரை இழுத்து மாட்டியிருந்தான்.

சத்தியபாய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஷாஜன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனை செலவழித்து வாங்கியதை மூலையில் போட்டுவைக்க முடியுமா, ஊருக்குப் போவதற்குள் கொஞ்ச நாள் ஓட்டிக்கொள்கிறேன், காற்று பார்த்துவிட்டேன் என்று அவள் கேட்காமலே சொன்னான். அவன் முகத்தில் வெட்கம் இருந்தது. அதற்கும் மேலாக, சிதறாலில் பார்த்த அதே சந்தோஷமும் இருந்தது.

"நான் இதுல ஏறமாட்டேன்," என்றாள் பிரீனா.

"எட்டி, ஆளுக பாக்காவ. ஏறு."

"புள்ளையும் ஏறாது."

சத்தியபாய் உள்ளிருந்தபடியே மருமகளைக் கெஞ்சினாள், பிறகு திட்டினாள். பிரீனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து ரோட்டுக்கு வந்தாள். பின்னால் கார் மெதுவாகக் கொஞ்ச தூரம் வந்தது. ஷாஜன் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு வேகமாக முன்னால் போய்விட்டான். அவள் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனாள். போதகர் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தபோது புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனபோது, அவள் குழந்தையோடு ராஜையனின் வீட்டுக்குப் போனாள்.

அவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொர்ணபாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிரீனா உட்காரவில்லை. நீங்கள் நின்றுகொண்டுதான் இருந்தீர்கள், மண்ணில் நின்றீர்கள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள் என்றாள். டயர் கழன்றதையும், சக்கரத்தை மாற்றியதையும், குடித்தார் என்று எழுதிக் கொடுத்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, மனப்பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

ராஜையன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தன நாளும் நீ என் காலைத் துடச்சியே. அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"போ மோளே," என்றார். சத்தம்கூட உயரவில்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

சொர்ணபாய் கேட் வரைக்கும் அவள் பின்னால் வந்தாள். இதைப் போலீசில் வந்து சொல்லுவியா என்று கேட்டாள். சொல்வேன் என்றாள் பிரீனா. சொர்ணபாய் அவள் முகத்தையும் தோளில் தூங்கும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புள்ளைக்கு வெயில் படாம வீட்டுக்குப் போ என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவள் அப்பா ஞானையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஞானையன் வழியெல்லாம் யோசித்துப் பார் மக்கா, யோசித்துப் பார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆனால் கூட வந்தார். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று அங்கே கேட்டார்கள். அவள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். சக்கரங்களைத் தேட வேண்டியதே இல்லாமல் போனது. அவை ஷாஜனின் முற்றத்தில், காரிலேயே இருந்தன. அஜினைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சக்கரத்தை மாற்றச் சொல்லி ஷாஜன் கேட்கவில்லை, நான்தான் அவனுக்குச் சொன்னேன் என்றும் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஷாஜனால் லீவு முடிந்து திரும்பிப் போக முடியவில்லை. விசா காலாவதியானது. சத்தியபாய் பிரீனாவின் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி ஞானையன் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவள் பேத்தியைப் பார்க்கக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்தவர்கள் இரண்டு விதமாகப் பேசினார்கள். சொந்தப் புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள் சிலர். இவ்வளவு நாள் மூடிவைத்தவள்தானே என்றார்கள் மற்றவர்கள். இரண்டுமே பொய் இல்லை என்று பிரீனாவுக்குத் தெரிந்திருந்தது. ராஜையன் அதற்குப் பிறகு கட்டு மாற்ற அங்கே வரவில்லை. தூரமானாலும் வேறு இடத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டாள்.

குழித்துறைக் கோர்ட்டில் அவள் சாட்சி சொல்லும் நாள் வருவதற்குள் ஜெமிமா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். ஷாஜனின் வக்கீல், புருஷனோடு உங்களுக்கு மனஸ்தாபம் உண்டல்லவா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது உண்டு, அன்றைக்கு இல்லை, அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார் என்றாள் அவள். கூண்டில் நின்ற ஷாஜன் தலையைக் குனிந்துகொண்டான். ராஜையன் கட்டைக்கால் ஊன்றி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நின்றுகொண்டிருந்தார், குடிக்கவில்லை என்று அவள் சொன்னபோது, பக்கத்தில் வந்திருந்த மூப்பரின் முகத்தை மட்டும் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஷாஜன் அவளருகே வந்தான். நன்றாக மெலிந்திருந்தான். உள்ளூரில் ஒரு கடையில் பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும். காரை எப்போதோ விற்றுவிட்டான். கொஞ்ச நேரம் பிள்ளையைப் பற்றிக் கேட்டான். படிக்கிறாளா, என்னைக் கேட்கிறாளா என்றான். கேட்கிறாள் என்றாள் அவள்.

"நான் வேணும்னே செஞ்சேனா பிரீனா? டயர் கழலும்னு நெனச்சா நான் போட்டேன்?"

"இல்ல," என்றாள் அவள். "அது தெரியாமச் செஞ்சது. அதுக்காக நான் ஒங்கள விட்டுட்டுப் போயிருக்கமாட்டேன். ஆனா அவரு குடிச்சிருந்தாருன்னு பறஞ்சது தெரிஞ்சுதானே. பிறவும் அந்த வீலையே மாட்டிப்போட்டு, புள்ளையக் கொண்டு ஏறச் சொன்னது தெரிஞ்சுதானே."

மார்த்தாண்டம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. பிரீனாவுக்கு மாலை டியூட்டி இருந்தது. உள்ளே ஏறி ஒரு ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவன் எதிர்ப்பக்கம் போய் அருமனை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். பஸ் வளைவில் திரும்பி அவன் மறையும்வரை அவள் பார்த்தாள். பிறகு கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார்.